அரைக் கிலோ சிஸ்டர்

பத்தொன்பது கிலோ நானூறு கிராம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அளவு அறையில், முந்தின நாள் வந்திறங்கிய எடை மெஷினில் சிவப்பாக ஒளிர்ந்த எண் இது. மேலே நின்றவள் ஒன்பது வயதுச் சிறுமி. மூன்று மாதம் முன்னால் அவளுடைய சார்ட்டில் ஏறியிருந்த எடை இருபத்து மூன்று கிலோ. இரண்டில் ஒன்று பொய். எது என்பது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். பழைய எண்ணைக் கையால் எழுதிய நர்ஸுக்கு.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நர்ஸ் வேலையில் இருபத்தெட்டாவது வருஷம். கடைசி ஏழு வருஷமாக, ஓரிடத்தில் உட்கார முடியாத, ஒன்றில் மனதை நிறுத்த முடியாத பிள்ளைகள் வரும் பிரிவில் இருக்கிறார். நடைபாதையின் கோடியில் மூன்று அறை: டாக்டரம்மா அறை, மருந்து கொடுக்கும் ஜன்னல், அளவு அறை. காலையில் நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளை பெஞ்சுக்கு அடியில், ஒரு பிள்ளை பெஞ்சுக்கு மேல், இன்னொன்று தீயணைப்பு வாளியில் காலை விட்டுக்கொண்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே சிஸ்டர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூளையைத் தூண்டும் மாத்திரை. துள்ளுகிற பிள்ளையைத் தூண்டிவேறு விட வேண்டுமா என்று முதல் நாள் எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். சிஸ்டர் ஒரு பதில் வைத்திருந்தார்.

"வகுப்புல டீச்சர் தூங்கிட்டா பிள்ளைங்க என்ன பண்ணும்? கத்தும், குதிக்கும். மூளைக்குள்ளயும் அடக்கி வைக்கிற டீச்சர் ஒருத்தர் இருக்கார். உங்க பையனுக்கு அவர் கொஞ்சம் தூங்குமூஞ்சி. மாத்திரை அவரைத்தான் எழுப்புது, பையனை இல்ல."

தாய்மார் சிரித்துவிடுவார்கள். பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மாத்திரை. மாத்திரை வேலை செய்யும் வரை பசிக்காது, மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும், அதற்காக அடிக்காதீர்கள். சாயங்காலம் மருந்து இறங்கும்போது பசி வரும், அப்போது அடுப்படியில் இருங்கள். மதியத்துக்கு மேல் கொடுத்தால் ராத்திரி தூக்கம் வராது. காபி, கோலா கூடாது. நெஞ்சு படபடத்தாலோ, பிள்ளை சத்தமே இல்லாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டாலோ உடனே போன் பண்ணுங்கள். புட்டியைப் பூட்டி வையுங்கள். "பரீட்சைக்குப் படிக்கிற அண்ணன் ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவான். அவனுக்கு எழுதிக் குடுத்தது இல்ல இது."

ஒவ்வொரு தடவையும் நான்கு அளவு எடுக்க வேண்டும்: எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். மாத்திரை பசியைத் தின்றுவிடும். பசி போனால் எடை போகும். எடை போய்க்கொண்டே இருந்தால் வளர்த்தி நிற்கும். டாக்டரம்மா அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் நிறுத்துவதும் அந்த நான்கு எண்ணைப் பார்த்துத்தான். எண்கள் சிஸ்டர் கையில் இருந்தன. வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. அவ்வளவு நல்ல பெயர் அவருக்கு.

டாக்டரம்மா கெட்டிக்காரர். வாய்தான் கத்தி. ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிஷம், கதவு திறந்தே இருக்கும், வெளியே பெஞ்சில் இருபது பேர். எடை குறைந்த சார்ட்டைப் பார்த்தால் தாயைப் பார்த்துக் கேட்பார்: "வீட்ல அடுப்பு எரியுதா? இல்ல, பிள்ளைக்குக் காத்தைப் புடிச்சுக் குடுக்குறீங்களா?" பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்தத் தாய் சேலையையோ துப்பட்டாவையோ இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வெளியே வருவார்.

ஆறு வருஷம் முன்னால் ஒரு தாய் அளவு அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதார். துணிக்கடையில் தையல்காரி. மகனுக்குப் போன மாதம் எடை குறைந்து, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இந்த மாதமும் நானூறு கிராம் குறைவு.

"இன்னிக்கும் குறைஞ்சா மாத்திரையை நிறுத்திடுவாங்க சிஸ்டர். நிறுத்திட்டா ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்க. இப்பத்தான் பேர் எழுதவே உக்காருறான். ஒரு மாசம் டைம் குடுங்க, தேத்திக் காட்டுறேன்."

அப்போது இருந்தது பழைய மெஷின். மேலே இரும்புக் கம்பி, கம்பியில் நகரும் குண்டு. சிஸ்டர் ஒரு விரலால் குண்டைத் தள்ளினார். அரைக் கிலோ. "அடுத்த மாசம் எனக்குக் காட்டணும்" என்றார். அந்தத் தாய் சொன்னபடியே பையனைத் தேற்றிக் கொண்டுவந்தார். எடை உண்மையாகவே ஏறியிருந்தது.

அங்கேதான் எல்லாம் கெட்டது என்கிறார் சிஸ்டர் இப்போது. முதல் தடவை யாருக்கும் எதுவும் ஆகாமல் போனதுதான் வினை.

பெஞ்சில் செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? அடுத்த மாதம் இரண்டு தாய்மார் கேட்டார்கள். அதற்கடுத்த மாதம் ஐந்து பேர். பிறகு கேட்கிற வேலையே இல்லாமல் போனது. புதிதாக வந்து கண்ணைக் கசக்கும் பெண்ணிடம் பழையவர்கள் சொல்வார்கள்: "ஏன் பயப்படுற? உள்ள அரைக் கிலோ சிஸ்டர் இருக்காங்க, பாத்துக்குவாங்க." ஒரு நாள் இது அவர் காதிலேயே விழுந்தது. கோபம் வந்ததா என்றால் இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார். இதைச் சொல்லும்போது அவர் தன் உள்ளங்கைகளைத்தான் பார்க்கிறார்.

அரைக் கிலோ அரைக் கிலோவாக நிற்காது. இந்தத் தடவை பொய்யாக இருபதரை எழுதினால், அடுத்த தடவை உண்மையான இருபதை எழுத முடியாது, குறைந்ததாகத் தெரியும். ஆகவே இருபதே முக்கால். அதற்கடுத்தது இருபத்தொன்றேகால். பிள்ளை நின்ற இடத்தில் நிற்க, சார்ட்டில் இன்னொரு பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சிறுமி இரண்டு வருஷம் முன்னால் வந்தாள். ஓயாத பேச்சு, மருந்து ஜன்னல்காரர் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். விரல் நுனியெல்லாம் சூடு பட்டுத் தழும்பேறிப் போனவர். அவர் ஒரு நாளும் சிஸ்டரிடம் எதுவும் கேட்டதில்லை. பெஞ்சுப் பேச்சில் கலந்துகொள்ளும் ரகமும் இல்லை. அவருக்கு அரைக் கிலோ விஷயமே தெரியாது. மற்றப் பிள்ளைகளுக்குத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல் இந்தப் பிள்ளைக்கும் தானாகத் தள்ளியது. கேட்காமலே செய்த தயவு. எட்டு தடவை.

உயரத்தில் மட்டும் சிஸ்டர் கைவைத்ததில்லை. இரண்டு வருஷத்தில் சிறுமி நான்கு சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள். டாக்டரம்மா அதைக் கவனித்தார், புருவத்தைச் சுருக்கினார். பிறகு எடைப் பத்தியைப் பார்த்துவிட்டு, "வெயிட் ஏறிக்கிட்டுதானே இருக்கு. அம்மாவும் குட்டைதான்" என்று பக்கத்தைத் திருப்பினார். அருகே ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த சிஸ்டர் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை. புது மெஷினுக்குக் குண்டும் இல்லை, கம்பியும் இல்லை. பிள்ளை ஏறினால் எண் நேராக டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பதினொரு மணிக்குள் பதினாறு பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். ஒன்பது பேருக்கு எடை குறைந்திருந்தது. ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ, ரேடியோவுக்கு மூன்று கிலோ அறுநூறு.

டாக்டரம்மா எழுந்து அளவு அறைக்கே வந்துவிட்டார். "என்ன இது? போன தடவை வரைக்கும் தளதளன்னு இருந்ததுங்க எல்லாம் மெஷினைப் பாத்ததும் இளைச்சுப் போச்சா?"

மருந்து ஜன்னல்காரர் தலையை நீட்டினார். "மேடம், இந்த மெஷினை எங்க வீட்டுக்குக் குடுத்துடுங்க. எங்க வீட்டம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிஸ்டரைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்? ஏழு வருஷமா எடை பாக்குறவங்க நீங்கதான்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. சிஸ்டர் சொன்னது இது: "மெஷின்தான் சரியில்லாத மாதிரி தெரியுது மேடம்."

"அதான். கம்பெனிக்கு போன் பண்ணுங்க. அது வரைக்கும் பழசை உள்ள எடுத்துப் போடுங்க."

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. டாக்டரம்மா அன்றைய எண்ணைத் தள்ளிவிட்டுப் பழைய எண்ணை வைத்துக்கொண்டார். ரேடியோவின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது: மதியத்துக்கு மேல் கவனம் சிதறுகிறது. எடை நன்றாக இருக்கிறது, நாடி சற்று வேகம், பெரிதில்லை என்று டாக்டரம்மா முடிவு செய்தார். மாத்திரையின் அளவை ஒன்றரை மடங்காக்கி எழுதிக் கொடுத்தார். அதைத் தாய்க்கு விளக்க வேண்டியது நர்ஸின் வேலை.

சிஸ்டர் விளக்கினார். காலையில் சாப்பிட்ட பிறகு, மதியத்துக்கு மேல் கூடாது, பூட்டி வையுங்கள். ஏழு வருஷமாகச் சொன்ன அதே வரிகள். சொல்லும்போது தன் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்டதாம்.

தாய் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "மெஷின் கோளாறுதானே சிஸ்டர்? பத்தொன்பதுன்னு பாத்ததும் ரெண்டு தடவை கண்ணைத் தொடச்சுப் பாத்தேன். எங்க நாத்தனார் வேற, மாத்திரை குடுத்துக் குடுத்து பிள்ளையை உருக்கிட்டேன்னு எப்பப் பாத்தாலும் ஏசுவாங்க. நான் சண்டை போடுவேன். ஆஸ்பத்திரி சார்ட்ல ஏறிக்கிட்டே இருக்கு, உங்க கண்ணுதான் சரியில்லன்னு."

"கோளாறுதான்" என்றார் சிஸ்டர்.

"இவ பாவாடை இன்னும் போன வருஷத்துதான், இடுப்புல ஊக்கு குத்தித்தான் விடுறேன். ஆனா நம்பர் இருக்கே, அப்புறம் என்னன்னு விட்டுடுவேன்."

சிறுமி குறுக்கே புகுந்தாள். "சிஸ்டர், எங்க க்ளாஸ்ல நான்தான் முதல் பெஞ்ச். குட்டையா இருக்கிறவங்கதான் முதல் பெஞ்ச். ஆனா எனக்கு போர்டு நல்லா தெரியும், பின்னாடி இருக்கிறவங்களுக்கு டீச்சர் முதுகுதான் தெரியும்."

அன்று சாயங்காலம் வீட்டில் சிஸ்டரின் கணவர் வராந்தாவில் தண்ணீர் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அவருக்கு அதுதான் தொழில். புது மெஷின் எல்லாருக்கும் எடையைக் குறைத்துக் காட்டுகிறது என்று சிஸ்டர் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அதே பொய்யை வீட்டிலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்போல.

"என்னையும் கூட்டிட்டுப் போயேன். டாக்டர் பத்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்கார். நோகாம குறைச்சுட்டு வந்துடுறேன்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "என்ன, உனக்கும் அந்த மாத்திரை குடுத்துட்டாங்களா?" என்று கணவர் கேட்டபோது, பாத்திரம் தேய்க்கிற சத்தத்தை அதிகமாக்கினார்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக மருந்து ஜன்னலுக்குப் போனார். "அந்த ரேடியோ பிள்ளைக்கு எழுதின புது அளவு, வாங்கிட்டாங்களா?"

"நேத்தே வாங்கிட்டுப் போய்ட்டாங்கக்கா. ஏன்?"

"சும்மாதான்."

அளவு அறைக்குள் பழைய மெஷின் வந்து நின்றது. புது மெஷினைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அன்று முப்பத்திரண்டு பிள்ளைகள். பழைய மெஷினில் உள்ளபடி எழுதினால் அதுவும் குறைத்துத்தான் காட்டும், கதை அம்பலமாகிவிடும். ஆகவே அன்றைக்கும் எழுதினார். பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் குண்டைத் தள்ளினார். ஆறு வருஷமும் இரக்கத்தால் தள்ளினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். புதன்கிழமை தள்ளியது யாருக்காக? அந்த ஒரு நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.

நடுவில் மூன்று தடவை போனை எடுத்தார். ரேடியோவின் அம்மா நம்பர் சார்ட்டின் மேலேயே இருந்தது. மூன்று தடவையும் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆள் வந்து மெஷின் சரி என்று சொல்லிவிடட்டும், பழையதுதான் பழுது என்று நினைத்துக்கொள்ளட்டும், தானாகச் சரியாகிவிடும். இரண்டு நாள்தானே. இப்படி ஒரு கணக்கு.

வியாழக்கிழமை பதினொன்றே கால் மணிக்கு போன் அடித்தது.

"சிஸ்டர், பிள்ளை பேசவே மாட்டேங்குறா." ரேடியோவின் அம்மா. பின்னால் சலவைக்கடை நீராவிச் சத்தம். "ஸ்கூல்லருந்து கூப்பிட்டு அனுப்பிட்டாங்க. இங்க கடையில துணி மூட்டை மேல உக்காந்திருக்கா, சுவத்தையே பாத்துக்கிட்டு. நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மாங்குறா. கை வெச்சுப் பாத்தேன், குருவி மாதிரி அடிக்குது. நேத்துலருந்து சாப்பிடல. பால் குடிச்சா, அதையும் வாந்தி எடுத்துட்டா. பழகற வரைக்கும் இப்படித்தான் இருக்குமா சிஸ்டர்?"

"இல்லம்மா. உடனே கூட்டிட்டு வாங்க. ஆட்டோ பிடிங்க. வேற மாத்திரை எதுவும் குடுக்காதீங்க."

"டாக்டரம்மா கோவிச்சுக்க மாட்டாங்களே? நாலு நாள் பாக்காம வந்துட்டேன்னு?"

பிள்ளைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதும் தாய் பயப்படுவது திட்டுக்கு. "மாட்டாங்க. வாங்க" என்றார் சிஸ்டர்.

முக்கால் மணி நேரத்தில் வந்தார்கள். சிறுமி தானாக நடந்து வந்தாள், ஆனால் கூப்பிட்டால்தான் நிமிர்ந்தாள். சிஸ்டர் மணிக்கட்டில் விரல் வைத்தார். நிமிஷத்துக்கு நூற்று முப்பத்து நான்கு. ரத்த அழுத்தமும் அவள் வயதுக்கு மேலே. இரண்டையும் உள்ளபடி எழுதினார். உள்ளே டாக்டரம்மாவிடம், "மேடம், அவசரம், அடுத்து இந்தப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளே ஒரு பிள்ளை முடியும் வரை இரண்டு மூன்று நிமிஷம் இருந்தது. எடை பார்க்க வேண்டும்.

பழைய மெஷினில் ஏற்றினார். குண்டை மெதுவாக நகர்த்தினார். கம்பி நேராக நின்ற இடம் பத்தொன்பதும் கொஞ்சமும். பிறகு மூலைக்குப் போய்ப் புது மெஷினின் பிளாஸ்டிக் உறையை உருவினார். ப்ளக்கைச் சொருகினார். சிறுமியைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார். தூக்கும்போது எடை கையிலேயே தெரிந்தது; ஏழு வருஷத்தில் அவர் ஒரு பிள்ளையையும் தூக்கிப் பார்த்ததில்லை. எல்லாரும் தாங்களே ஏறி நின்றவர்கள்.

பத்தொன்பது கிலோ இருநூறு.

தாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணையேதானே காட்டுது சிஸ்டர்?"

"ஆமா."

"அப்ப எதுல கோளாறு?"

"மெஷின்ல இல்ல." சிஸ்டர் சார்ட்டைத் தாயின் பக்கம் திருப்பி, எடைப் பத்தியில் விரலை வைத்தார். "இதெல்லாம் நான் கூட்டி எழுதினது. எட்டு தடவையும். பிள்ளைக்கு எடை ஏறவே இல்ல. இருபதரையில வந்தா, குறைஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கா. செவ்வாய்க்கிழமை கோளாறுன்னு சொன்னதும் பொய்."

தாய் கத்துவார் என்று சிஸ்டர் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவர் கத்தவில்லை. தழும்பேறிய விரலால் எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"நான் கேக்கவே இல்லையே" என்றார் கடைசியில். "நான் எப்ப உங்ககிட்ட கேட்டேன்?"

"நீங்க கேக்கல."

"குறைஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேனே. வேலையைக் குறைச்சுட்டு சாயங்காலம் பக்கத்துல உக்காந்து ஊட்டியிருப்பேனே. திட்டு வாங்கினா என்ன, முதலாளிகிட்ட வாங்காததா?" குரல் உடைந்தது. "எங்க நாத்தனார் பிள்ளையைக் கண்ணால பாத்து சொன்னாங்க. நான் உங்க நம்பரைப் பாத்து சொன்னேன். ரெண்டு வருஷமா அவங்களைப் பொய்யின்னு சொல்லிட்டிருந்தேனே."

சிறுமி மெஷினிலிருந்து இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அப்ப நான் வளரலையா?"

தாய்தான் சொன்னார்: "வளருவடி. இறங்கி வா."

டாக்டரம்மா அறையில் சிஸ்டர் நின்றுகொண்டே சொன்னார். அதற்குள் சிறுமிக்கு இதயத் துடிப்பின் படம் எடுத்தாகிவிட்டது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறு மணி நேரம் படுக்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா சார்ட்டை எதிரே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"தெரியல மேடம்."

"தெரியலைன்னா?"

"கேட்டவங்களுக்குப் போட்டேன். அப்புறம் கேக்காதவங்களுக்கும் போட்டேன். யாருக்கு எவ்வளவுன்னு எழுதி வைக்கல."

"நான் இந்த நம்பரைப் பாத்துத்தான் மருந்து எழுதுறேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

சிஸ்டர் கதவுப் பக்கம் பார்த்தார். "அவங்களைத் திட்டுவீங்க மேடம்."

கதவு வழக்கம்போல் திறந்துதான் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் முன்வரிசை கேட்டிருக்கும். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னது ஒரு வரிதான்: "நான் திட்டினதுக்கு நான் பதில் சொல்றேன். இதுக்கு நீங்கதான் சொல்லணும்."

மதியம் மூன்று மணிக்கு, தூண்டும் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளின் சார்ட்டுகளை எல்லாம் மேஜையில் அடுக்கினார்கள். நூற்றுப் பதினெட்டு. சிவப்புப் பேனாவைச் சிஸ்டரிடம் கொடுத்து, கூட்டி எழுதியது எது என்று நினைவிருக்கும் இடத்தில் சுழிக்கச் சொன்னார்கள். முதல் பத்து சார்ட்டில் சுழித்தார். பதினோராவதில் கை நின்றது. அந்தப் பையன் முகம் நினைவிருந்தது, அவன் வாளியில் காலை விட்டது நினைவிருந்தது, அவன் அம்மா கொண்டுவந்து கொடுத்த பூச்செடிகூட நினைவிருந்தது. எடை உண்மையா பொய்யா என்பது நினைவில்லை. எல்லாம் தன் கையெழுத்து, எல்லாம் ஒரே சீராக, அழகாக. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையெழுத்தைப் பாராட்டாத மேலதிகாரி இல்லை. பார்க்கப் பார்க்க அவருக்குக் கூசியது.

"எல்லாத்தையும் சந்தேகம்னு போட்டுடுங்க" என்றார்.

மருந்து ஜன்னல்காரர் பக்கத்தில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர். அன்று, "குடுங்கக்கா, நான் போடுறேன்" என்று மட்டும் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சிறுமியின் நாடி நூற்று நான்குக்கு இறங்கியது. மாத்திரை இறங்கியதும் பசி எடுத்தது. இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, படுக்கைக்கு எதிரே தொங்கிய திரைத்துணியில் எத்தனை பூ இருக்கிறது என்று சத்தமாக எண்ணத் தொடங்கினாள். சிஸ்டர் திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. இஸ்திரிக்கார அம்மா கிளம்பும்போது அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நிற்கவில்லை. ஏசவும் இல்லை. பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்த காகிதத்தைச் சிஸ்டரின் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கணவரிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "நல்ல பேருக்காகவா?" சிஸ்டர் கீழே கிடந்த திருப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வேலையிலிருந்து இன்னும் நீக்கவில்லை. அளவு அறையிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் கருவிகளை வேகவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே நோயாளிகள் வருவதில்லை. நூற்றுப் பதினெட்டு குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியிருக்கிறது: பிள்ளையைக் கூட்டி வாருங்கள், மறுபடி எடை பார்க்க வேண்டும். இதுவரை எழுபத்து மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள். பதினான்கு பிள்ளைகளுக்கு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள், நான்கு பேருக்கு நிறுத்தியிருக்கிறார்கள். டாக்டரம்மாவின் அறைக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது. இஸ்திரிக்கார அம்மாவின் மகள் மாத்திரை இல்லாமல் பள்ளிக்குப் போகிறாள்; கணக்கு வகுப்பில் இரண்டு தடவை வெளியே நிற்க வைத்தார்களாம்.

விசாரணை அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்றாவது மாடியில். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸில் இருக்கிறது. சிஸ்டர் யாரையும் அழைக்கவில்லை. சிறுமியின் அம்மாவும் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பத்தரை மணி கொடுத்திருக்கிறார்கள்.